பாலாற்றுத் தண்ணீர் தெளிந்துவிட்டது, குடிக்கலாமா?

கேள்வி இதுதான்: ஆம்பூருக்குக் கீழே பாலாற்றை ஒட்டிய ஊர். 2021 நவம்பர் வெள்ளத்துக்குப் பிறகு கிணற்றில் தண்ணீர் ஏறியிருக்கிறது. முன்பு இருந்த நுரையும் நாற்றமும் இல்லை. டிடிஎஸ் மீட்டர் 450 காட்டுகிறது. வடிகட்டிக் காய்ச்சிக் குடித்தால் போதாதா? கன உலோகம் (ஈயம், காட்மியம், குரோமியம் போன்றவை) என்று பயமுறுத்துகிறார்களே, அதில் உண்மை இருக்கிறதா?

முதலில் நேரடியான பதிலைச் சொல்லிவிடுகிறேன். உலோகத்தைப் பொறுத்தவரை துணியில் வடிகட்டுவதாலும் காய்ச்சுவதாலும் பயன் இல்லை. மீட்டரில் தெரியும் 450-ஐ வைத்தும் எதையும் முடிவு செய்ய முடியாது. சோதனை செய்யாமல் அந்தக் கிணற்றை நம்பிக் குடிக்க வேண்டாம். அதே சமயம், பாலாறு மொத்தமும் விஷம், கால் நனைத்தாலே ஆபத்து என்று பேசுவதும் தவறு. எந்த உலோகம், எந்த வடிவத்தில், இப்போது எங்கே தங்கியிருக்கிறது என்று கேட்டுப் பார்த்தால்தான் உங்கள் வீட்டுக்கு உரிய பதில் கிடைக்கும்.

டிடிஎஸ் மீட்டரில் இருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் இன்று வீட்டுக்கு வீடு அதைத்தான் நம்புகிறார்கள். தண்ணீரில் மின்சாரம் எவ்வளவு எளிதாகப் பாய்கிறது என்பதை அளந்து, அதிலிருந்து கரைந்த உப்பின் அளவைக் கணக்குப் போடுவது மட்டுமே அந்தக் கருவியின் வேலை. சோடியம், கால்சியம், குளோரைடு, சல்பேட் போன்றவைதான் அந்த 450-இல் கிட்டத்தட்ட எல்லாமே. வீட்டு மீட்டர் காட்டும் மிகச் சிறிய மாற்றம் லிட்டருக்கு 1 மில்லிகிராம். இந்தியக் குடிநீர்த் தரமான ஐஎஸ் 10500 ஈயத்துக்கு வைத்திருக்கும் வரம்பு லிட்டருக்கு 0.01 மில்லிகிராம். ஆர்செனிக்குக்கும் அதே 0.01. காட்மியத்துக்கு 0.003, பாதரசத்துக்கு 0.001, மொத்தக் குரோமியத்துக்கு 0.05. பன்னிரண்டாயிரம் லிட்டர் பிடிக்கும் ஒரு டேங்கர் லாரியில் 120 மில்லிகிராம் ஈயம் கரைந்தால் போதும், லாரித் தண்ணீர் முழுவதும் வரம்பைத் தொட்டுவிடும். அது ஒரு சிட்டிகை உப்பின் எடைகூட இல்லை. மீட்டர் அப்போதும் அதே 450-ஐத்தான் காட்டும்.

பாலாற்றுப் பகுதியில் இந்த மீட்டர் இன்னொரு விதத்திலும் ஏமாற்றும். தோல் ஷாப்புகளில், அதாவது தோல் பதனிடும் ஆலைகளில் இருந்து வந்த கழிவில் இரண்டு பெரிய சரக்குகள் இருந்தன. ஒன்று உப்பு. தோல் அழுகாமல் இருக்க உப்புக் கட்டி அனுப்புவார்கள், அதை ஊறவைத்துக் கழுவும்போது அத்தனை உப்பும் தண்ணீரோடு போகும். இன்னொன்று குரோமியம். இரண்டும் ஒரே கால்வாயில்தான் வந்தன. கிணறுகளை உவர்ப்பாக்கியதும், தென்னையைக் காயவைத்ததும், நிலத்தில் வெள்ளைப் பூத்ததும் பெரும்பாலும் உப்பின் வேலை. நல்ல மழை பெய்து வெள்ளம் வந்தால் உப்பு கரைந்து ஓடிவிடும், மீட்டரில் எண் இறங்கும். குரோமியத்தின் பெரும்பகுதி அப்படிப் போகாது. அது களிமண்ணோடும் வண்டலோடும் ஒட்டிக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிடும். ஆக, உங்கள் மீட்டரில் எண் குறைந்திருக்கிறது என்றால் உப்பு குறைந்திருக்கிறது. நல்ல செய்திதான், ஆனால் அது உப்பைப் பற்றிய செய்தி மட்டுமே.

கண்ணுக்குத் தெளிவாக இருக்கிறது என்பதும் ஆதாரம் ஆகாது. ஆறு இணைதிறக் குரோமியம் (குரோமியத்தின் நன்றாகக் கரையும் வடிவம், கீழே விளக்குகிறேன்) தண்ணீருக்கு மஞ்சள் நிறம் தரும் என்பது உண்மை. ஆனால் லிட்டருக்கு ஏறத்தாழ 1 மில்லிகிராமை நெருங்கினால்தான் அந்த மஞ்சள் கண்ணுக்குப் பிடிபடத் தொடங்கும். குடிநீர் வரம்பு அதில் இருபதில் ஒரு பங்கு. ஈயமும் காட்மியமும் ஆர்செனிக்கும் நிறமோ மணமோ சுவையோ காட்டாது. அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் 2015 ஆகஸ்ட் 5 அன்று கோல்டு கிங் என்ற கைவிடப்பட்ட சுரங்கத்தில் அடைபட்டிருந்த நீர் உடைத்துக்கொண்டு, ஒரு கோடி லிட்டருக்கும் மேல் அனிமாஸ் ஆற்றில் கலந்தது. ஆறு முழுக்க ஆரஞ்சு நிறம். உலகமே பார்த்துப் பதறிய அந்த நிறம் இரும்பால் வந்தது. நிறம் சில நாட்களில் இறங்கிவிட்டது. கூடவே வந்த ஈயம் முதலிய உலோகங்கள் ஆற்றுப் படுகையில் படிந்தது பற்றித்தான் அதன் பிறகு அறிவியலாளர்கள் வருடக்கணக்கில் கவலைப்பட்டார்கள்.

இப்போது குரோமியத்துக்கு வருகிறேன். இதைப் பற்றி நம் ஊரில் நடக்கும் பேச்சில் பாதிக்குமேல் குழப்பம். குரோமியம் தண்ணீரிலும் மண்ணிலும் முக்கியமாக இரண்டு வடிவங்களில் இருக்கும், மூன்று இணைதிறன் உள்ளது, ஆறு இணைதிறன் உள்ளது. தோல் பதனிடப் பயன்படும் குரோமியம் சல்பேட் மூன்று இணைதிற வகை. தோலில் ஏறாமல் மிஞ்சும் குரோமியம், போட்டதில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு, கழிவுநீரில் வரும். இந்த வகை அமிலத் தண்ணீரில் கரைந்திருக்கும். தண்ணீர் நடுநிலைக்கோ காரத்துக்கோ திரும்பியதும் கசடாகப் பிரிந்து அடியில் தங்கும். உடலுக்குள்ளும் எளிதில் புகாது. ஆறு இணைதிற வகை நேர்மாறு. நன்றாகக் கரையும், மண்ணில் பெரிதாக ஒட்டாது, நிலத்தடி நீரோடு தூரம் தூரமாக நகரும், உயிரணுக்குள் எளிதாக நுழையும். காற்றில் சுவாசித்தால் நுரையீரல் புற்றுநோய் தரும் என்று உறுதியாக நிறுவப்பட்டிருக்கிறது. குரோமேட் ஆலைகளில் வேலை செய்தவர்களுக்குத் தோலில் ஆழமான புண்ணும், மூக்கின் நடுத்தண்டில் ஓட்டையும் விழுவது நூறு வருடத்துக்கும் மேலாகத் தெரிந்த விஷயம். குடிநீரில் கொடுத்தபோது என்ன ஆகிறது என்று அமெரிக்காவின் தேசிய நச்சியல் திட்டம் 2008-இல் வெளியிட்ட ஆய்வில், அதிக அளவு கொடுக்கப்பட்ட எலிகளுக்கு வாயிலும் சுண்டெலிகளுக்குச் சிறுகுடலிலும் கட்டிகள் வந்தன. நம் வயிற்று அமிலம் இந்த வகையை ஓரளவு மூன்று இணைதிற வகையாக மாற்றிவிடும் என்பது ஆறுதல்தான், ஆனால் அதற்கு ஒரு எல்லை உண்டு.

ஆகவே தோல் ஷாப் கழிவையும் ராணிப்பேட்டைக் குரோமேட் கழிவையும் ஒன்றாகப் போட்டுப் பேசக்கூடாது. ராணிப்பேட்டையில் தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்டு கெமிக்கல்ஸ் என்ற ஆலை 1970-களின் நடுவில் இருந்து 1990-களின் நடுவரை இயங்கியது. தோல் ஷாப்புகளுக்கு வேண்டிய குரோமிய ரசாயனங்களைத் தயாரித்தது. குரோமியத் தாதுவைச் சோடா உப்போடு சேர்த்துச் சூளையில் வறுக்கும்போதுதான் ஆறு இணைதிற வகை உருவாகிறது. ஆலை மூடப்பட்டபோது வளாகத்தில் குவிந்து கிடந்த கழிவு இரண்டு லட்சம் டன்னுக்கும் மேல். பாலாறு அங்கிருந்து சில கிலோமீட்டர்தான். இத்தனை வருடம் மழை அதன் மேல் பெய்து, கரைவது கரைந்து நிலத்துக்குள் இறங்கியபடியே இருந்தது. ஒரு மாநிலமும் ஒரு நாடும் சேர்ந்து ஒரு குவியலை அகற்ற முப்பது வருடமாகத் திணறுவது எனக்குக் கோபம் வரும் விஷயம், அதை மறைக்க விரும்பவில்லை. நீங்கள் ராணிப்பேட்டைப் பக்கம் இருந்திருந்தால் என் பதில் இன்னும் கடுமையாக இருந்திருக்கும். ஆம்பூர்ப் பக்கம் இருப்பதால் முதல் கவலை படுகை மண்ணிலும் வண்டலிலும் தங்கிய மூன்று இணைதிறக் குரோமியம்.

அதில் கவலைப்பட என்ன இருக்கிறது என்றால், அது எப்போதும் அப்படியே இருக்கும் என்று உத்தரவாதம் இல்லை. மண்ணில் உள்ள மாங்கனீசு ஆக்சைடுகள் மூன்று இணைதிறக் குரோமியத்தில் ஒரு சிறு பங்கை ஆறு இணைதிற வகையாக மாற்ற வல்லவை. எதிர்த்திசையில், மக்கிய இலைதழையும் கரைந்த இரும்பும் ஆறு இணைதிற வகையை மூன்று இணைதிற வகையாக்கும். எந்தப் பக்கம் சாயும் என்பது அந்த இடத்து மண்ணைப் பொறுத்தது. இன்னொன்று பலருக்குத் தெரியாது: கிணற்றில் குளோரின் பவுடர் போட்டால் கிருமி சாகும், உலோகம் போகாது. அதோடு, கரைந்த மூன்று இணைதிறக் குரோமியம் இருந்தால் குளோரின் மெல்ல மெல்ல அதை ஆறு இணைதிற வகைக்குத் தள்ளும். அதற்காகக் குளோரின் போடாதீர்கள் என்று சொல்லவில்லை. வயிற்றுப்போக்கும் காலராவும் இன்றைக்கே ஆளைக் கொல்பவை, அவற்றுக்குத்தான் முதலிடம். குளோரின் போட்டாயிற்று, தண்ணீர் சுத்தம் என்று உலோகத்தையும் சேர்த்து நினைத்துக்கொள்ளாதீர்கள் என்பதற்காகச் சொல்கிறேன்.

இந்த ஆறு இந்த நிலைக்கு வந்த கதையையும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் சட்டத்தில் உள்ள ஒரு ஓட்டை அதில்தான் புரியும். வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விஷாரம் பகுதிகளில் தோல் தொழில் பழையது. ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டு வாரக்கணக்கில் ஊறவைத்துப் பதனிட்ட தோல் இங்கிருந்து கப்பல் ஏறியது. 1972-இல் மத்திய அரசு அமைத்த சீதாராமையா குழுவின் பரிந்துரைக்குப் பிறகு பச்சைத் தோல் ஏற்றுமதி தடுக்கப்பட்டு, பாதிப் பதனிட்ட தோலுக்கும் கட்டுப்பாடு வந்தது. முழுதாக முடித்த தோலாக அனுப்பினால் நாட்டுக்கு அதிக வருமானம் என்பது கணக்கு. அந்தக் கணக்கு தப்பில்லை, வேலையும் வந்தது, அந்நியச் செலாவணியும் வந்தது. ஆனால் முடித்த தோல் என்றால் குரோம் தோல், அதாவது குரோமியம் போட்டுப் பதனிட்டது. வாரக்கணக்கு ஒரு நாளாகச் சுருங்கியது. கழிவை என்ன செய்வது என்ற கேள்விக்குப் பதில் தேடத் தொடங்கியபோது கிணறுகள் கெட்டுப்போயிருந்தன.

வேலூர் குடிமக்கள் நலப் பேரவை 1991-இல் உச்ச நீதிமன்றம் போனது. 1996 ஆகஸ்ட் 28 அன்று நீதிபதி குல்தீப் சிங் அமர்வு தந்த தீர்ப்பு இந்தியச் சுற்றுச்சூழல் சட்டத்தின் அடிக்கல். மாசு செய்தவரே அதற்கு விலை கொடுக்க வேண்டும், சந்தேகம் இருக்கும்போதே தடுக்க வேண்டும் என்ற இரண்டு கொள்கைகளையும் நாட்டின் சட்டத்தின் பகுதியாக அது அறிவித்தது. தோல் தொழில் பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுவதுமோ பயிரிடத் தகுதியற்றுப் போனதாக வேளாண் பல்கலைக்கழக ஆய்வு மையம் கண்டதையும், ஒரு கிலோ தோல் முடிக்க சுமார் 35 லிட்டர் தண்ணீர் செலவாவதையும் தீர்ப்பு பதிவு செய்தது. அதன் பிறகு பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்தன, குரோமியத்தை மீட்டெடுக்கும் அமைப்புகள் வந்தன, பிறகு ஒரு சொட்டும் வெளியே விடக்கூடாது என்ற ஏற்பாடும் வந்தது. இருந்தும் 2025 ஜனவரி 30 அன்று அதே பகுதி மாசு பற்றி உச்ச நீதிமன்றம் மறுபடியும் ஒரு தீர்ப்பு எழுத வேண்டியிருந்தது. இழப்பீடு முழுதாகக் கொடுங்கள், குழு அமைத்து ஆற்றைச் சீராக்குங்கள், செய்வதை நாங்கள் தொடர்ந்து கண்காணிப்போம் என்று அது உத்தரவிட்டது. முதல் தீர்ப்புக்கும் இதற்கும் இடையில் கிட்டத்தட்ட இருபத்தெட்டரை வருடம்.

நான் சொன்ன ஓட்டை இதுதான். ஆற்றில் விடும் தொழிற்சாலைக் கழிவுநீருக்கு நாட்டின் பொதுத் தரம் அனுமதிக்கும் மொத்தக் குரோமியம் லிட்டருக்கு 2 மில்லிகிராம். குடிநீரில் வரம்பு 0.05. நாற்பது மடங்கு வித்தியாசம். ஆற்றில் விழுந்ததும் ஓடும் தண்ணீரில் கலந்து நீர்த்துப்போகும் என்ற நம்பிக்கையில் எழுதப்பட்ட எண் அது. கங்கையில் அப்படி ஒரு வாதத்தையாவது வைக்கலாம். பாலாறு வருடத்தில் பெரும்பாலான நாட்கள் மணல். 348 கிலோமீட்டர் நீள ஆற்றில் கர்நாடகத்திலும் ஆந்திரத்திலும் கட்டிய அணைகளையும் தடுப்பணைகளையும் தாண்டி நமக்கு வெள்ளக் காலத்தில்தான் ஓட்டம். மற்ற நாட்களில் கழிவு கலப்பதற்கு ஆற்றில் தண்ணீரே இல்லை. விட்டது அப்படியே மணலில் இறங்கியது. மணலுக்கு அடியில் ஓடும் நீரை ஊற்றுக்கால் வெட்டிப் பாசனத்துக்கும், கிணறு தோண்டிக் குடிக்கவும் எடுத்து வாழ்ந்த ஆறு இது. மேலே காய்ந்து கிடக்கிறது என்பதால் அதைச் சாக்கடைக்கு ஏற்ற இடமாகப் பார்த்தார்கள். கீழே ஊரே குடிக்கும் தண்ணீர் இருந்தது.

சேறு முக்கியம் என்று திரும்பத் திரும்பச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஆற்றின் நீரைப் பாட்டிலில் பிடித்துச் சோதித்து, வரம்புக்குள் இருக்கிறது என்று அறிக்கை வரும். அது பொய்யாக இருக்காது. உலோகம் நீரில் இல்லை, படுகையில் இருக்கிறது, அவ்வளவுதான். வெள்ளம் வந்து அடிச்சேறு கலங்கும்போது மேலே வரும், கரையோர வயலில் வண்டலாகப் படியும், அமிலக் கழிவு ஏதாவது வந்து விழுந்தால் மண்ணை விட்டுத் தண்ணீருக்கு இறங்கும். ஜப்பானின் தோயாமா மாகாணத்தில் ஜின்சூ ஆறு இதைத்தான் கொடூரமாகக் காட்டியது. மேலே காமியோகாச் சுரங்கத்தில் துத்தநாகமும் ஈயமும் எடுத்தார்கள். காட்மியம் ஆற்றில் வந்தது, பாசன வாய்க்கால் வழியாக வயலில் படிந்தது, நெல்லுக்குள் ஏறியது. அந்தத் தண்ணீரைக் குடித்து அந்தச் சோற்றைச் சாப்பிட்டவர்களுக்கு, அதிகமும் பல பிள்ளை பெற்ற வயதான பெண்களுக்கு, சிறுநீரகம் கெட்டு எலும்பு மெலிந்து, இருமினாலே விலா எலும்பு முறிந்தது. வலி தாங்காமல் அவர்கள் அலறிய சத்தமே நோய்க்குப் பெயரானது, இத்தாய் இத்தாய் என்று. 1968-இல்தான் ஜப்பான் அரசு அதை மாசினால் வந்த நோய் என்று ஒப்புக்கொண்டது. 1970-களின் தொடக்கத்தில் மக்கள் வழக்கில் வென்றார்கள். எண்ணூறு ஹெக்டேருக்கு மேல் வயல் மண்ணை மாற்றி முடித்தது 2012-இல். பணமும் சட்டமும் ஒழுங்கும் உள்ள நாட்டிலேயே நீதிமன்றத்தில் வென்ற பிறகு நாற்பது வருடம் ஆனது. காட்மியம் மனித உடலுக்குள் புகுந்தாலும் இதே கதைதான், சிறுநீரகத்தில் பத்து முப்பது வருடம் தங்கும்.

அதனால்தான், ஆற்று நீரின் அறிக்கையோடு படுகை வண்டலின் அறிக்கையையும் ஊராட்சிகள் கேட்டு வாங்க வேண்டும் என்று நினைக்கிறேன். நீர் அறிக்கை அன்றைய நாளைச் சொல்லும். வண்டல்தான் கடந்த ஐம்பது வருடத்தை வைத்திருக்கிறது.

ஒரு எதிர் உதாரணமும் உண்டு, ஆறு குற்றவாளி இல்லாத இடம். அமெரிக்காவின் ஃபிளிண்ட் நகரம் 2014 ஏப்ரலில் செலவைக் குறைக்க ஃபிளிண்ட் ஆற்றுத் தண்ணீருக்கு மாறியது. ஆற்றில் ஈயம் இல்லை. ஆனால் அந்தத் தண்ணீருக்கு உலோகத்தை அரிக்கும் குணம் அதிகம், அரிப்பைத் தடுக்கும் பாஸ்பேட்டை யாரும் சேர்க்கவில்லை. பழைய ஈயக் குழாய்களில் இருந்து ஈயம் கரைந்து குழந்தைகளின் ரத்தத்தில் ஏறியது. நம் ஊரில் ஈயக் குழாய் வழக்கம் இல்லை என்று நிம்மதியாக இருக்க முடியாது. பிவிசி குழாய் தயாரிப்பில் ஈயக் கலவை நிலைப்படுத்திகள் நெடுங்காலம் பயன்பட்டன, அதை விலக்க மத்திய அரசு 2021-இல்தான் தனி விதியே போட்டது. பித்தளைக் குழாய்களிலும் கொஞ்சம் ஈயம் இருக்கும். ஆகவே இரவு முழுக்கக் குழாயில் நின்ற தண்ணீரைக் காலையில் குடிக்கப் பிடிக்காதீர்கள், கொஞ்சம் ஓடவிட்டுப் பாத்திரம் கழுவ வைத்துக்கொள்ளுங்கள். ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது என்பதே உலகச் சுகாதார நிறுவனத்தின் நிலை. சிறு குழந்தைகளின் மூளை வளர்ச்சியை அது கெடுக்கும், கெட்டது திரும்பாது.

சரி, நீங்கள் செய்ய வேண்டியது சோதனை. இங்கே நிறையப் பேர் பணத்தை வீணாக்குகிறார்கள். ஆய்வகத்தில் போய் "தண்ணீர் டெஸ்ட்" என்று மட்டும் சொன்னால் கடினத்தன்மை, குளோரைடு, நைட்ரேட், ஃபுளோரைடு, கிருமி இவற்றைப் பார்த்துக் கொடுப்பார்கள், உலோகம் அதில் இருக்காது. மொத்தக் குரோமியம், ஆறு இணைதிறக் குரோமியம், ஈயம், காட்மியம், ஆர்செனிக், நிக்கல் என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். என்ஏபிஎல் (ஆய்வகங்களுக்குத் தரச் சான்று தரும் தேசிய அமைப்பு) அங்கீகாரம் உள்ள ஆய்வகமா, அந்த அங்கீகாரம் இந்த உலோகங்களுக்கும் உண்டா என்று பாருங்கள். எவ்வளவு குறைந்த அளவு வரை அவர்கள் கருவி பிடிக்கும் என்பதை மாதிரி கொடுக்கும் முன்பே கேளுங்கள். ஈயம் "கண்டறியப்படவில்லை" என்று அறிக்கை வந்து, கருவியின் எல்லை 0.05 என்று கீழே இருந்தால் அந்த அறிக்கையால் உங்களுக்கு ஒரு பயனும் இல்லை, ஏனென்றால் வரம்பே 0.01.

மாதிரி எடுப்பதிலும் கவனம் வேண்டும். கடையில் வாங்கிய தண்ணீர் பாட்டிலில் பிடிக்காதீர்கள், ஆய்வகம் தரும் புட்டியைக் கேட்டு வாங்குங்கள், அது அமிலத்தில் கழுவியதாக இருக்கும். மோட்டாரைச் சில நிமிடம் ஓடவிட்டு, தொட்டியில் ஏறும் முன்பே பிடியுங்கள். உலோகம் புட்டியின் சுவரில் ஒட்டாமல் இருக்க அதில் சில சொட்டு நைட்ரிக் அமிலம் சேர்ப்பார்கள். ஆறு இணைதிறக் குரோமியத்துக்கு மட்டும் தனிப் புட்டி, அந்த அமிலம் சேர்க்கக்கூடாது. ஐஸில் வைத்து ஒரு நாளுக்குள் சோதிக்க வேண்டும், இல்லாவிட்டால் வழியிலேயே அது மூன்று இணைதிற வகையாக மாறிவிடலாம். இதை ஆய்வகத்து ஆளே மறந்துவிடுவது உண்டு, நீங்கள் நினைவுபடுத்துங்கள். ஒரு சோதனையோடு நிறுத்தாமல் கோடையில் கிணறு வற்றியிருக்கும்போது ஒரு முறை, வெள்ளம் வடிந்த பிறகு ஒரு முறை பாருங்கள். இரண்டு எண்களும் வெகு தூரம் விலகி இருந்தால் அதுவே ஒரு தகவல்.

முடிவை எப்படிப் படிப்பது? ஐஎஸ் 10500 குரோமியத்தை இரண்டு வகையாகப் பிரிப்பதில்லை, மொத்தம் 0.05 என்றுதான் சொல்கிறது. கலிபோர்னியா மாநிலம் 2024-இல் ஆறு இணைதிற வகைக்கு மட்டும் 0.01 என்று சட்டமாக்கியது. என்னைக் கேட்டால் ஆறு இணைதிறக் குரோமியம் 0.01-ஐத் தாண்டினாலே அந்தத் தண்ணீரைக் குடிப்பதை நிறுத்திவிடுவேன், மொத்தம் வரம்புக்குள் இருந்தாலும்.

வரம்பு தாண்டியிருந்தால் வீட்டில் என்ன செய்யலாம் என்பதில் நம் பழைய வழிகளையும் சேர்த்தே சொல்கிறேன். தேற்றாங்கொட்டை உரைத்த தண்ணீர் தெளியும், முருங்கை விதையும் அதையே செய்யும். கலங்கலில் ஒட்டிய உலோகம் சேற்றோடு அடியில் படியும், அந்த அளவுக்குப் பயன். கரைந்திருக்கும் உலோகத்தையும் அவை எடுத்துவிடும் என்று நம்பக்கூடாது. செம்புப் பாத்திரம் கிருமிக்கு எதிரி, உலோகத்தை எடுக்காது. காய்ச்சினால் தண்ணீர் ஆவியாகிக் குறையும், உலோகம் அப்படியே நிற்கும், அதனால் நெடுநேரம் கொதிக்கவிட்டால் அடர்த்தி கூடத்தான் செய்யும். மெழுகுவர்த்தி ஃபில்டரும் யுவி விளக்கும் கிருமிக்கானவை. வீட்டளவில் வேலை செய்வது ஆர்.ஓ. நல்ல நிலையில் உள்ள மெம்பிரேன் (அதற்குள் இருக்கும் மெல்லிய வடிகட்டிச் சவ்வு) ஈயம், காட்மியம், குரோமியம் எல்லாவற்றிலும் பெரும்பகுதியைத் தடுத்துவிடும். டிடிஎஸ் மீட்டருக்கு உரிய இடம் இங்கேதான். உள்ளே போகும் தண்ணீரையும் வெளியே வரும் தண்ணீரையும் அளந்துகொண்டே வாருங்கள். 450 உள்ளே போய் 40 வந்த இடத்தில் 150 வரத் தொடங்கினால் மெம்பிரேன் தேய்ந்துவிட்டது. சுவைக்காக டிடிஎஸ் கூட்டுகிறேன் என்று மெக்கானிக் சுத்திகரிக்காத தண்ணீரைக் கொஞ்சம் கலந்துவிடும் திருகு சில மாடல்களில் இருக்கும், அதை மூடச் சொல்லுங்கள்.

குடிக்க மட்டும் ஆர்.ஓ., சமையலுக்குக் கிணற்று நீர் என்று பல வீடுகளில் வைத்திருக்கிறார்கள். சோறும் சாம்பாரும் கஞ்சியும் தண்ணீர்தான். குடிப்பதற்குத் தகாதது உலைக்கும் தகாது. ஆர்.ஓ. தள்ளும் கழிவு நீரில் உலோகம் அடர்ந்திருக்கும், அதைக் கீரைப் பாத்திக்கும் மாட்டுத் தொட்டிக்கும் விடாமல் தரை கழுவ வைத்துக்கொள்ளுங்கள்.

குளிக்கலாமா, துணி துவைக்கலாமா என்றால் தாராளமாக. இந்த உலோகங்கள் தோல் வழியாக உள்ளே போவது மிகக் குறைவு. தண்ணீர் மஞ்சளாகவே இருந்தால் மட்டும் வேண்டாம், அதில் புண்ணும் அரிப்பும் வரும். குழந்தைகள் ஆற்றுப் படுகையில் விளையாடினால் கையை நன்றாகக் கழுவச் சொல்லுங்கள், அவர்கள் வயிற்றுக்குள் போவது தண்ணீரைவிடச் சேறுதான். தோட்டத்தில் பயிரானவற்றில் குரோமியம் பெரும்பாலும் வேரிலேயே நின்றுவிடும், அதனால் முள்ளங்கி போன்ற கிழங்குகளைத் தோல் சீவிச் சமையுங்கள். காட்மியம் கீரைக்கு ஏறும். சோதனையில் காட்மியம் வந்திருந்தால் கீரையைக் கைவிட்டுக் கத்தரி, வெண்டை என்று காய்க்கு மாறுவது நல்லது. மாடுகள் குடிக்கும் தண்ணீரில் உலோகத்தைவிட உப்புதான் உடனடிப் பிரச்சினை, அதற்கு உங்கள் மீட்டரே போதும். தேங்கிய மடுவில் பிடித்த மீனைச் சாப்பிடுவதாக இருந்தால் குடல், செவுள், ஈரல் எல்லாவற்றையும் எடுத்துவிட்டுச் சதையை மட்டும் சமையுங்கள். முழுசாக வறுத்துத் தின்னும் பொடி மீனை அந்த மடுவில் பிடிக்க வேண்டாம்.